பூஜ்யத்தால் வகுத்த கதை

"மன்ற மலருக்கு ஏதாவது விஞ்ஞானம் எழுது, ஆனால் கணக்கு வேண்டாம்" என்று மலர்க்குழு அண்ணன் சொல்லியனுப்பினார். கணக்கே இல்லாத விஞ்ஞானம் என் கைவசம் இல்லை. ஆகவே ஒரே ஒரு வகுத்தல் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதுவும் நான் தப்பாகப் போட்ட கணக்கு.

தரவுத்தளத்தில் விவரங்களைச் சேர்த்துவைத்து, வினவல் எழுதி, விடை வாங்கும் வேலை இன்று என்னைப் போன்ற புள்ளியியல் மாணவனுக்கு மட்டும் உரியதன்று. விலங்கியல் படிக்கும் நண்பரும் பொருளாதாரம் படிக்கும் நண்பரும் அதைச் செய்தாக வேண்டியிருக்கிறது. அவர்கள் எல்லோருமே என்றாவது ஒருநாள் "பூஜ்யத்தால் வகுக்கப்பட்டது" என்ற பிழைச் செய்தியைத் திரையில் காண்பார்கள். அன்று என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

சென்ற கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மையில் இங்கேயே ஆறு வாரத்துக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கிராமச் சுகாதாரத்தில் ஈடுபட்ட ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். ஒரு மாவட்டத்தின் துணைச் சுகாதார நிலையங்களிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்குகளை அட்டவணையில் ஏற்றி, ஊர்வாரியாகச் சிசு மரண விகிதம் போட்டுத் தரவேண்டும் என்பது எனக்கு இட்ட பணி. உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுக்கு, ஒரு வயது நிரம்புமுன் இறந்த குழந்தைகள் எத்தனை என்பதே இந்த விகிதம். மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி 2020-ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் அது 28. விகிதம் அதிகமுள்ள ஊர் அட்டவணையின் தலையில் வரும். தலையிலுள்ள ஊர்களுக்கு மருத்துவக் குழு முதலில் போகும். இதுதான் ஏற்பாடு.

சமவெளியில் 5000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3000 பேருக்கு ஒன்று என்பது துணை நிலையங்களுக்கு நம் நாட்டில் வகுத்துள்ள அளவு. ஆகையால் நிலையத்துக்கு நிலையம் வரும் எண்கள் மிகச் சிறியவை. எனக்கு வந்த கணக்கில் பல ஊர்கள் இருந்தன. பாடத்துக்காக ஐந்து ஊர்களை மட்டும், எண்களைச் சற்று எளிமையாக்கித் தருகிறேன்.

முதல் ஊர்: பிறப்பு 40, இறப்பு 2
இரண்டாம் ஊர்: பிறப்பு 10, இறப்பு 1
மூன்றாம் ஊர்: பிறப்பு 50, இறப்பு 0
நான்காம் ஊர்: பிறப்பு 0, இறப்பு 0
ஐந்தாம் ஊர்: பிறப்பு 0, இறப்பு 1

முதல் நாள் மாலை நான் எழுதிய வினவல் ஒரே வரி. ஆணைச் சொற்களை நம் எழுத்திலேயே தருகிறேன்; பொறியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

செலக்ட் ஊர், இறப்பு * 1000.0 / பிறப்பு ஃப்ரம் பதிவேடு

அந்த அலுவலகத்தில் இருந்தது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். அது விடை தரவில்லை. பூஜ்யத்தால் வகுத்தல் என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. சரியாகக் கணக்கிடக்கூடிய முதல் மூன்று ஊர்களின் விடையையும் தர மறுத்துவிட்டது. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் என்றால் முழுக் குடத்தையும் கொட்டத்தானே வேண்டும்! ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் காலையில் அட்டவணை வேண்டும் என்றார் மேலதிகாரி. விடுதியில் இரவுச் சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கேஸ் என்னும் கட்டளையைச் சேர்த்தேன்.

கேஸ் வென் பிறப்பு = 0 தென் 0 எல்ஸ் இறப்பு * 1000.0 / பிறப்பு எண்ட்

அதாவது, பிறப்பு பூஜ்யமானால் விடையையும் பூஜ்யமென்றே வைத்துக்கொள். இல்லாவிட்டால் வகுத்துச் சொல். பிழைச் செய்தி மறைந்தது. அட்டவணை அழகாக வந்தது. பூஜ்யம் வந்த ஊர்களுக்குப் பச்சை வர்ணம் பூசி அச்செடுத்து, கூட்ட அறையின் சுவரில் ஒட்டிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

நாலைந்து வாரம் கழிந்தது. ஒருநாள் மாதாந்தரக் கூட்டத்துக்கு ஊர்ச் செவிலியர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஓர் அம்மாள் சுவரின் முன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். அங்கே எல்லோரும் அவரை தீதி என்றுதான் அழைப்பார்கள். அக்காள் என்று பொருள். என் அரைகுறை ஹிந்தியைக் கேட்டுச் சிரிக்காத சிலரில் அவர் ஒருவர்.

"பேட்டா, இந்தக் காகிதத்தில் என் ஊருக்குச் சுன்னம் போட்டிருக்கிறதே, யார் போட்டது?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் போட்டது, தீதி" என்றேன்.

"என் ஊரில் ஒரு குழந்தை போய்விட்டது. நானே அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். நானே எழுதிக் கொடுத்தேன். அது எங்கே?"

அவர் சண்டை பிடிக்கவில்லை. காகிதத்தில் அந்தக் குழந்தையைத் தேடினார், அவ்வளவுதான். நான் அட்டவணையைப் பார்த்தேன். ஐந்தாம் ஊர், 0.0, பச்சை வர்ணம். மருத்துவக் குழு அதுவரை அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. போகும்படி அட்டவணை சொல்லவில்லையே! கம்ப்யூட்டர் போட்டது என்று நான் சொன்னதும் உண்மையன்று. கம்ப்யூட்டர் மாட்டேன் என்றல்லவா சொல்லிற்று? போட்டவன் நான்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியதும், சின்ன வகுப்பில் கேட்டு மறந்த பாடத்தை மறுபடியும் எடுத்துவைத்துக்கொண்டேன். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு. ஏன்? நான்கை மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு திரும்பக் கிடைக்கிறது. வகுத்தல் சரியா என்பதற்குப் பெருக்கல்தான் சாட்சி. இனி, ஒன்றைப் பூஜ்யத்தால் வகுப்போம். எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினால் ஒன்று கிடைக்கும்? எந்த எண்ணும் இல்லை. ஆகவே இங்கே விடையே கிடையாது. அடுத்து, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுப்போம். எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம் கிடைக்கும்? எல்லா எண்ணும் தகும்! ஏழும் சரி, ஏழாயிரமும் சரி. இங்கே விடை இல்லாமையன்று. எதை விடையென்று தேர்வதென்று தெரியாமை. இரண்டையும் நாம் "வகுக்க முடியாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆயின் இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஐந்தாம் ஊர் முதல் வகை. நான்காம் ஊர் இரண்டாம் வகை. நானோ இரண்டுக்கும் ஒரே பச்சை வர்ணம் பூசிவிட்டேன்.

இந்த இடத்தில் தடுமாறியவன் நான் மட்டுமல்லன் என்பதில் ஓர் அற்ப ஆறுதல். இன்று ராஜஸ்தானத்தில் உள்ள பின்மாலில் வாழ்ந்தவர் பிரம்மகுப்தர். கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் பூஜ்யத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு விதி வகுத்தார். வகுத்தலுக்கு வந்தபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார்; வேறோர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அதைப் பூஜ்யத்தைக் கீழே கொண்ட பின்னமாகவே விட்டுவைத்தார். சுமார் 850-இல், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் கணித சார சங்கிரகம் எழுதிய மகாவீரர், பூஜ்யத்தால் வகுத்தால் எண் மாறாமல் அப்படியே இருக்கும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாஸ்கரர், பூஜ்யத்தைக் கீழே உடைய அந்தப் பின்னத்துக்குக் ககரம் என்று பெயரிட்டு, அது முடிவிலி என்றார். அதனுடன் எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது மாறாது என்பதற்கு, படைப்பிலும் அழிவிலும் மாறாத பரம்பொருளை உவமை காட்டினார். பூஜ்யம் என்ற சொல்லுக்கே வணங்கத்தக்கது என்று பொருள் இருப்பதால் உவமை பொருந்தத்தான் செய்கிறது!

பூஜ்யம், அதே எண், முடிவிலி என்று மூன்று பெரியவர்கள் மூன்று விடை சொன்னார்கள். இன்றைய கணிதம் மூன்றையும் ஏற்காமல், இந்த வகுத்தலுக்குப் பொருளே வரையறுக்கப்படவில்லை என்று விட்டுவிட்டது. ஆனால் ஒன்று பாருங்கள். பிரம்மகுப்தர்கூட இரண்டு நோய்களையும் பிரித்துத்தான் வைத்தார். ஐந்தாம் ஊரின் கணக்கை அவரிடம் கொடுத்திருந்தால், ஒன்றின் கீழ் பூஜ்யம் என்று எழுதியிருப்பார். அந்த ஒன்று காகிதத்தில் தெரிந்திருக்கும். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த நான் அதையும் அழித்தேன்.

கணிப்பொறிகளும் இதில் ஒருமித்த கருத்தில் இல்லை. தசமப் பின்னங்களைப் பொறி கையாளும் முறைக்கென 1985-இல் ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்னும் தரம் வெளியாயிற்று. அதன்படி ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்தால் முடிவிலி. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் "எண் அல்ல" என்ற தனிக் குறி. இது இரண்டு நோய்களையும் பிரித்தறிகிறது. தரவுத்தளங்கள் பெரும்பாலும் இவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் 22012 என்ற குறியோடு பிழை சொல்லி நிற்கும். ஆரக்கிளில் பிழை எண் 01476. மைக்ரோசாஃப்டின் எஸ்.கியூ.எல். சர்வரில் 8134. மைஎஸ்.கியூ.எல். செலக்ட் வினவலுக்கு நிற்காது. விடைக்குரிய கட்டத்தை நல் என்று விட்டுவிட்டு மேலே போகும். எஸ்.கியூ.லைட்டும் அப்படியே, எச்சரிக்கைகூட இல்லாமல். ஆகவே ஒரு தரவுத்தளத்தில் எழுதிப் பழகிய வினவலை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் நண்பர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அங்கே பேசாமலிருந்தது இங்கே கூச்சலிடும். இங்கே கூச்சலிட்டது அங்கே பேசாமல் இருந்துவிடும். என்னைக் கேட்டால் கூச்சலிடுவதே மேல்.

ஆனாலும் கூச்சலை யாராவது கேட்டு ஆவன செய்யவேண்டும். 1997 செப்டம்பர் 21-ஆம் நாள் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தது. ஆள் குறைத்துக் கணிப்பொறிகளைக் கொண்டே இயக்கிப் பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுத்த கப்பல் அது. மாலுமி ஒருவர் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் பூஜ்யத்தை இட்டார். நிரல் அந்தப் பூஜ்யத்தால் வகுத்தது. அந்தப் பிழை வலையமைப்பு முழுவதும் பரவிப் பொறிகள் செயலற்றுப் போயின. உந்துவிசை நின்று, கப்பல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கடலில் அசையாமல் கிடந்தது. கட்டத்தில் எண்ணை ஏற்கும்போதே "இங்கே பூஜ்யம் கூடாது" என்று ஒரு காவல் வைத்திருந்தால் போதும். அங்கே காவல் இல்லாததால் கப்பல் நின்றது. என் அட்டவணையிலோ காவல்காரன் இருந்தான். நானே அவன் வாயைப் பொத்தினேன்.

இனி மருந்துக்கு வருவோம். எஸ்.கியூ.எல். மொழியின் 1992-ஆம் ஆண்டுத் தரத்திலேயே நல்இஃப் என்றொரு கருவி உண்டு. அதற்கு இரண்டு மதிப்புகளைக் கொடுக்கவேண்டும். இரண்டும் சமமானால் அது நல் என்று விடை தரும். இல்லாவிட்டால் முதல் மதிப்பையே திருப்பித் தரும்.

செலக்ட் ஊர், இறப்பு * 1000.0 / நல்இஃப்(பிறப்பு, 0) ஃப்ரம் பதிவேடு

பிறப்பு 40 என்றால் 40-ஆல் வகுக்கும். பிறப்பு 0 என்றால் நல்லால் வகுக்கும். நல்லால் எதை வகுத்தாலும் நல், பிழை எழாது. நல் என்பது பூஜ்யம் அன்று. "இங்கே மதிப்பு இல்லை" என்ற குறி. காகிதத்தில் அந்தக் கட்டம் காலியாக வரும். காலியான கட்டத்தைக் கண்டால் படிப்பவர் ஏன் என்று கேட்பார். 0.0 என்று கண்டால் கேட்கமாட்டார், சந்தோஷப்படுவார்.

காலிக் கட்டம் அசிங்கமாயிருக்கிறதே என்று பலர் உடனே கோலெஸ் என்ற இன்னொரு கருவியைச் சுற்றிக் கட்டி, நல் வந்தால் பூஜ்யம் போடு என்று எழுதிவிடுகிறார்கள். நல்ல மருந்தைக் குடித்துவிட்டு, கூடவே பழைய நோயையும் விழுங்குவது இது. பூஜ்யம் போடுவது முறையாகும் இடங்களும் இல்லாமல் இல்லை. கடன் வாங்காதவனின் நிலுவைத் தொகை பூஜ்யம்தான். ஆனால் ஒரு தேர்வும் எழுதாதவனின் சராசரி மதிப்பெண் பூஜ்யம் அன்று. தொகைக்கும் விகிதத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கோலெஸ் போடுவதுதான் தவறு.

அந்தப் பூஜ்யம் அதன் கட்டத்தோடு நிற்பதில்லை என்பதையும் பார்க்கவேண்டும். ஐந்து ஊர்களின் விகிதங்களையும் நான் முதலில் போட்டபடி எழுதினால் 50, 100, 0, 0, 0. சராசரி 30. நல்இஃப் போட்டால் 50, 100, 0 என்ற மூன்று மட்டும் மிஞ்சும். ஏனெனில் சராசரி காணும் ஏவிஜி என்ற கட்டளை நல்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சராசரி 50. எது சரி? சொல்லப் போனால் இரண்டுமே சரியில்லை. பத்தே பிறப்புள்ள இரண்டாம் ஊருக்கும் ஐம்பது பிறப்புள்ள மூன்றாம் ஊருக்கும் ஒரே எடை கொடுத்தது முதல் தவறு. விகிதங்களின் சராசரியை எடுக்காமல், மொத்த இறப்பை மொத்தப் பிறப்பால் வகுக்கவேண்டும்.

சம்(இறப்பு) * 1000.0 / நல்இஃப்(சம்(பிறப்பு), 0)

மொத்த இறப்பு 4, மொத்தப் பிறப்பு 100, விகிதம் 40. இதில் ஐந்தாம் ஊரின் இறப்பும் இடம்பெற்றுவிட்டது. ஒரே தரவு, 30, 50, 40 என்று மூன்று விடைகள். சுவரில் ஒட்டியது 30. அதாவது, மாவட்டத்தின் நிலைமை உள்ளதைவிட நன்றாயிருப்பதாகச் சொல்லும் விடையையே நான் ஒட்டியிருந்தேன். முழு வினவலுக்கும் பிறப்பே இல்லாது போகக்கூடும் என்பதால், மொத்தத்துக்கும் நல்இஃப் போட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இன்னும் சில பள்ளங்கள் உண்டு; விரைவில் தாண்டிவிடுவோம். 1000.0 என்று புள்ளியிட்டு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸிலும் எஸ்.கியூ.எல். சர்வரிலும் எஸ்.கியூ.லைட்டிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதியை வெட்டிவிடுவார்கள். இரண்டை நாற்பதால் வகுத்தால் 0 என்றே வரும்! பூஜ்யமே இல்லாத இடத்திலும் பொய்ப் பூஜ்யம் முளைக்கும் வழி இது.

இரண்டாவது பள்ளம் வேர் என்னும் நிபந்தனையில் இருக்கிறது. "வேர் பிறப்பு <> 0 ஆண்ட் இறப்பு * 1000.0 / பிறப்பு > 60" என்று எழுதினால், முதலில் பூஜ்யமா என்று பார்த்துவிட்டுப் பிறகுதானே வகுக்கும் என்று நினைப்போம். அப்படி உறுதி கிடையாது. எழுதிய வரிசையில்தான் நிபந்தனைகளைச் சோதிக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு தரவுத்தளத்துக்கு இல்லை. தனக்கு எது லாபமோ அதை முதலில் செய்யும். இன்று ஓடிய வினவல், அட்டவணை பெருத்தபின் ஒருநாள் பிழை சொல்லும். வகுத்தல் நடக்கும் இடத்திலேயே நல்இஃப் வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. கேஸ் வரிசைப்படி சோதிக்கும் என்பது உண்மை. ஆனால் அதனுள்ளே சம், ஏவிஜி போன்ற திரட்டுக் கட்டளைகள் இருந்தால், அவை கேஸுக்கு முன்பாகவே கணக்கிடப்பட்டுவிடும். கேஸ் வந்து காப்பாற்றுவதற்குள் வகுத்தல் முடிந்து பிழை எழுந்திருக்கும்.

மூன்றாவது, வரிசைப்படுத்துதல். போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் நல்லை எல்லாவற்றிலும் பெரியதாகக் கொள்கின்றன. மற்ற மூன்றும் எல்லாவற்றிலும் சிறியதாகக் கொள்கின்றன. நான் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தியிருந்தேன். ஆகவே நல்இஃப் போட்டு வினவலை மறுபடி ஓட்டியதும், அடியில் கிடந்த நான்காம் ஊரும் ஐந்தாம் ஊரும் அட்டவணையின் தலைக்கு வந்துவிட்டன. இது என் சாமர்த்தியமன்று. அந்த அலுவலகத்தில் இருந்தது போஸ்ட்கிரெஸ் என்பதால் நேர்ந்தது. எஸ்.கியூ.லைட்டாக இருந்திருந்தால் அவை அடியிலேயே கிடந்திருக்கும். நல்கள் எங்கே வரவேண்டும் என்பதை நல்ஸ் ஃபர்ஸ்ட், நல்ஸ் லாஸ்ட் என்ற சொற்களால் வெளிப்படையாக எழுதிவிடுவதே ஒழுங்கு. மைஎஸ்.கியூ.எல்.-லிலும் எஸ்.கியூ.எல். சர்வரிலும் அந்தச் சொற்கள் இல்லாததால், அங்கே கேஸ் கொண்டு வேறு வழி செய்துகொள்ளவேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் என் மனத்தில் ஒரு கேள்வி மிஞ்சியது. சில ஆயிரம் பேர் வாழும் இடத்தில் ஆறு மாதத்தில் ஒரு குழந்தைகூடவா பிறக்கவில்லை? மறுநாள் தீதியிடமே கேட்டேன்.

"பிறக்காமல் என்ன? எல்லோரும் நகரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். பிரசவம் அங்கே, பதிவும் அங்கே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்" என்றார்.

பிறப்பும் இறப்பும் எந்த இடத்தில் நிகழ்ந்தனவோ அந்த இடத்திலேயே பதிவாகவேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்த முறையிலேயே நிலையத்துக் கணக்கையும் எழுதி வந்திருக்கிறார்கள். ஆகவே ஐந்தாம் ஊரின் குழந்தை நகரத்தின் கணக்கில் பிறந்து, ஊரின் கணக்கில் இறந்திருக்கிறது. மேலே இருக்கவேண்டியது இங்கேயும் கீழே இருக்கவேண்டியது அங்கேயுமாகப் பின்னம் இரண்டு துண்டாகிக் கிடந்தது. எந்தக் கருவியைக் கொண்டும் வினவலுக்குள் இதைத் தைக்க முடியாது. தாய் வசிக்கும் ஊரைக் கேட்டு எழுதினால்தான் முடியும்.

நான்காம் ஊரின் கதை வேறு. அங்கே செவிலியர் பணியிடம் காலி. ஆறு மாதமும் யாரும் எதையும் எழுதவில்லை. விவரங்களை ஏற்றும் படிவத்தில், எதுவும் அடிக்காவிட்டால் தானாகவே 0 விழும்படி யாரோ அமைத்திருந்தார்கள். பிறப்பு 0, இறப்பு 0 என்பது அந்த ஊரார் சொன்னதன்று, படிவம் சொன்னது.

இந்த மாதிரிச் சங்கடத்தை முன்பே யோசித்தவர் ஒருவர் உண்டு. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்தபடி உறவுசார் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டவர் எட்கர் காட். அவர் 1990-இல் எழுதிய நூலில், இல்லாத மதிப்புக்கு ஒரு குறி போதாது, இரண்டு வேண்டும் என்றார். மதிப்பு உண்டு, ஆனால் நமக்குத் தெரியாது என்பதற்கு ஒன்று. அந்த இடத்துக்கு மதிப்பே பொருந்தாது என்பதற்கு இன்னொன்று. நான்காம் ஊரின் பிறப்பு முதல் வகை. உண்மையாகவே ஒரு குழந்தையும் பிறக்காத ஊர் இருந்தால் அதன் விகிதம் இரண்டாம் வகை. எஸ்.கியூ.எல். மொழியில் இன்றளவும் ஒரே நல்தான். ஆகையால் இரண்டையும் பிரித்துக் காட்ட நாமே இன்னொரு பத்தி சேர்த்துக்கொள்ளவேண்டும். படிவத்தில் தானாக விழும் 0-ஐ எடுத்துவிட்டு, எழுதாததை நல்லாகவே விடும்படி செய்தபின், நான் எழுதிக் கொடுத்த வினவல் இது:

செலக்ட் ஊர், பிறப்பு, இறப்பு,
இறப்பு * 1000.0 / நல்இஃப்(பிறப்பு, 0) ஆஸ் விகிதம்,
கேஸ்
வென் பிறப்பு இஸ் நல் தென் 'அறிக்கை வரவில்லை'
வென் பிறப்பு = 0 ஆண்ட் இறப்பு > 0 தென் 'நேரில் விசாரிக்க'
வென் பிறப்பு = 0 தென் 'பிறப்பு இல்லை'
எண்ட் ஆஸ் குறிப்பு
ஃப்ரம் பதிவேடு
ஆர்டர் பை விகிதம் டெஸ்க் நல்ஸ் ஃபர்ஸ்ட்

பிறப்பும் இறப்பும் தனித்தனிப் பத்திகளாக விகிதத்தின் பக்கத்திலேயே நிற்பதைக் கவனியுங்கள். பத்தில் ஒன்று என்பதும் நூற்றில் பத்து என்பதும் ஒரே விகிதமாகவே வரும். பக்கத்தில் எண்கள் இருந்தால்தான் எதை எவ்வளவு நம்பலாம் என்பது படிப்பவருக்குத் தெரியும். முதல் அட்டவணையில் இடம் போதவில்லை என்று அவற்றை நான் விட்டிருந்தேன். இருந்திருந்தால், சுவரைப் பார்த்த முதல் ஆளே ஐந்தாம் ஊரின் அந்த ஒன்றைக் கண்டிருப்பார்.

பழைய காகிதத்தை நானே கிழித்தெடுத்து, தவறு என்னுடையது என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசவில்லை. அந்த வாரமே மருத்துவக் குழுவின் பயணப் பட்டியலில் இரண்டு ஊர்களைச் சேர்த்தார்.

பொங்கலுக்கு முன் அடுத்த அரையாண்டுக் கணக்கு வந்தது. விடுதி அறையிலிருந்தே அதை ஓட்டிக் கொடுத்தேன். தாயின் ஊரைக் கேட்டு எழுதியதில் ஐந்தாம் ஊருக்குப் பிறப்பு 38, இறப்பு 1 என்று இருந்தது. நான்காம் ஊருக்கு நேரே மூன்று கட்டங்களும் காலி. குறிப்பில் மட்டும் அறிக்கை வரவில்லை என்று நிற்கிறது. அங்கே இன்னும் செவிலியர் நியமனம் ஆகவில்லை.